குதிரப்பன் பெயரில் மூன்று நாள்

ஏரிக்குக் கிழக்கே ஒரு மேடு இருந்தது. மேட்டில் ஒரு வளை இருந்தது. வளைக்குள் குதிரப்பன் என்ற பெருச்சாளியும் அவன் மனைவி கதிராயியும் குடியிருந்தார்கள்.

குதிரப்பன் உழைக்காதவன் என்று சொல்ல முடியாது. வருஷத்தில் பத்து நாள் உழைப்பான். குறுவை அறுப்பு நடக்கும் அந்தப் பத்து நாளில் ஓடி ஓடி நெற்கதிர்களைக் கொண்டுவந்து உள்ளறையில் அடுக்குவான். மீதி நாளெல்லாம் அவற்றின் மேல் படுத்திருப்பான். பசித்தால் தலையைத் திருப்பித் தின்பான். வெயில் ஏறினால் தூங்குவான். மழை பெய்தால் இன்னும் நன்றாகத் தூங்குவான்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை முன்னதாகவே வந்தது. ஏரியோரக் கோரைக்காட்டில் தண்ணீர் ஏறியது. அங்கே குடியிருந்த காட்டுப்பூனை, காலில் ஈரம் படுவதை விரும்பாமல், மேட்டுப்பக்கம் வந்து சேர்ந்தது.

ஒரு நாள் காலை அது வளையின் வாசலில் முகத்தை வைத்துப் பார்த்தது. முகம் நுழைந்தது. தோள் நுழையவில்லை.

“வாசல் சின்னதா இருக்கே,” என்றது பூனை.

“எங்களுக்குப் போதும்,” என்றாள் கதிராயி உள்ளேயிருந்து. அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

“பிறக்கிற குட்டிங்க என்னிக்காவது வெளியே விளையாட வருமில்ல? எனக்கு ஒண்ணும் அவசரமில்லை,” என்று சொல்லிவிட்டுப் பூனை போயிற்று.

கதிராயி கணவனை எழுப்பினாள். நான்கு தடவை எழுப்ப வேண்டியிருந்தது.

“ஏங்க, வாசலுக்கு ஒரு காவல் வேணும். குட்டிங்க பிறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு.”

“வெச்சுடலாம்.”

“களத்துமேட்டுல செவலை இருக்கில்ல? கேட்டா வரும். ஒரு மூலையில படுத்துக் கிடக்கும். பூனை வாடை பட்டா மட்டும் எழுந்திரிக்கும். நமக்கு அது போதும்.”

செவலை களத்துமேட்டில் தனியாக இருந்த நாய். வயதானது. ஒரு காது கிழிந்திருந்தது. அறுப்பு முடிந்த களத்தில் வேறு வேலை இல்லாததால் பகலெல்லாம் தூங்கும்.

“அந்தச் சொறி நாயா?” என்றான் குதிரப்பன். “நாளெல்லாம் தூங்குறதெல்லாம் ஒரு நாயா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்களோ அதையேதான் நினைப்பாங்க,” என்றாள் கதிராயி.

குதிரப்பன் காதில் அது விழவில்லை. அவன் மனத்தில் வேறொரு நாய் இருந்தது. ஏரிநாய்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் கலங்கலோரத்தில் ஒரு ஏரிநாய்க் குடும்பம் வாழ்ந்தது. மீன் தின்னும் நீர்நாய்கள் அல்ல அவை. நாய்களேதான். சுருள் சுருளான முடி. துடுப்பைப் போன்ற வால். விரல்களுக்கிடையே மெல்லிய தோல். தண்ணீரில் எது மிதந்தாலும் நீந்திப் போய், பல் படாமல் கவ்வி, கரைக்குக் கொண்டுவந்துவிடும். போன மழைக்காலத்தில் நீர்ப்பறவைகளான நாமக்கோழிகளின் கூடுகளைக் காவல் காத்த ஓர் ஏரிநாய் இதே காட்டுப்பூனையைத் துரத்தித் தண்ணீருக்குள் தள்ளியது. பூனை நனைந்து, பாதி உடம்பாகிக் கரையேறியதை எல்லாரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து மேட்டிலும் வரப்பிலும் அதே பேச்சு.

“ஏரிநாய் ஒண்ணு நம்ம வாசல்ல உட்கார்ந்திருந்தா எப்படி இருக்கும், நினைச்சுப் பாரு,” என்றான் குதிரப்பன்.

“உட்கார்ந்திருக்குமா?” என்று கேட்டாள் கதிராயி.

அதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

ஏரிநாய்க் குட்டியைக் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். குட்டிகளின் தாய் பாசிக்காரி. பாசி படிந்தது போன்ற நிறம் அவளுக்கு. அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். குட்டி கேட்டு வருகிறவர்களிடம் அவள் கேள்வி கேட்பதில்லை. வீடு எங்கே, சாப்பாடு என்ன, அன்பாக இருப்பீர்களா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. மூன்று நாள் கலங்கலில் வந்து குட்டியோடு இருக்க வேண்டும். குட்டி எழும்போது எழுந்து, குட்டி நீந்தும்போது நீந்தி, அதன் நாளை வாழ்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

“எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. நான் வாயைப் பார்க்கிறதில்லை, காலைத்தான் பார்க்கிறேன்,” என்பாள் பாசிக்காரி.

மூன்று நாள் என்று கேட்டதும் குதிரப்பனுக்குக் கொட்டாவி வந்தது. கதிராயியின் தம்பி துடியனை வரச் சொன்னான். துடியன் ஏரிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில் தனியாக இருந்தான். உட்கார்ந்தால் கால் வலிக்கும் என்கிற வகை. வாய்க்காலை அவன் சுற்றிப்போய்க் கடந்து யாரும் பார்த்ததில்லை. நேராகக் குதித்து நீந்திவிடுவான்.

“மாப்பிள்ளை, எனக்காக மூணு நாள் கலங்கல்ல இருந்துட்டு வா.”

“வளர்க்கிறவங்கதான் போகணும்னு சொல்றாங்களே, மாமா.”

“என் பேரைச் சொல்லிக்கோ. பெருச்சாளிக்கெல்லாம் ஒரே மூஞ்சி. அந்த அம்மா என்னைப் பார்த்ததே இல்லை.”

“பொய் சொல்லச் சொல்றீங்க.”

“பேரை மட்டும்தானே மாத்தறே? நீந்தறது நிஜம்தானே? உங்க அக்காளுக்காகப் பண்ணு. பூனை வாசல் வரைக்கும் வந்துடுச்சு.”

துடியன் அக்காளைப் பார்த்தான். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் கலங்கலில் போய் நின்றான்.

“பேரு?” என்றாள் பாசிக்காரி.

“குதிரப்பன்,” என்றான் துடியன்.

பாசிக்காரி தன் கடைசிக் குட்டியைக் கூப்பிட்டாள். பெயர் நுரை. குட்டி என்றாலும் துடியனைப் போல நான்கு மடங்கு இருந்தது. ஓடிவந்த வேகத்தில் அவனை உருட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் உருட்டிவிட்டது.

முதல் நாள் இருவரும் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ஒரு தடவை நீந்தி, ஒரு தடவை கரையில் ஓடி, மூன்றாவது தடவை யார் முந்துவது என்று பார்த்து. மாலையில் நுரையின் முடியில் சிக்கியிருந்த புல்லையும் பாசியையும் துடியன் பல்லால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். எடுக்காவிட்டால் முடி சடைபிடித்துக் கட்டியாகித் தோலை இழுக்கும் என்று பாசிக்காரி சொல்லியிருந்தாள். முடித்தபோது தாடை வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. நாமக்கோழிகளின் கூடுகள் முட்டையோடு மிதந்து கலங்கலை நோக்கிப் போயின. நுரை ஒரு பக்கம் கவ்வ, துடியன் மறுபக்கம் தள்ள, பதினொரு கூடுகளைக் கரை சேர்த்தார்கள். பன்னிரண்டாவது வழிந்து போய்விட்டது. நுரை வெகுநேரம் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடியன் பக்கத்தில் நின்றான்.

மூன்றாம் நாள் பாசிக்காரி வந்து, “இன்னிக்கு ஏரி கிடையாது. இந்த மருத மரத்தடியில ரெண்டு பேரும் இருங்க,” என்றாள்.

“என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. சில பேர் முதல் ரெண்டு நாளைத் தாண்டிடறாங்க. இதைத்தான் தாண்ட மாட்டேங்கிறாங்க.”

ஒரு நாழிகை நுரை சும்மா இருந்தாள். பிறகு மரத்தின் வேரைக் கடித்தாள். பிறகு குழி பறித்தாள். குழி ஆழமாகிக்கொண்டே போயிற்று. துடியன் பார்த்தான். ஒரு மருதங்காயை எடுத்துச் சருகுக்குள் ஒளித்துவைத்து, “கண்டுபிடி,” என்றான். கண்டுபிடித்தாள். வேறிடத்தில் ஒளித்தான். அதையும் கண்டுபிடித்தாள். பொழுது சாய்கிற வரையில் ஒளித்தான். நாற்பது தடவை இருக்கும்.

பாசிக்காரி வந்து குழியைப் பார்த்தாள். பாதியில் நின்றிருந்தது.

“கூட்டிட்டுப் போங்க, குதிரப்பன்,” என்றாள். குட்டியின் நெற்றியை ஒரு முறை நக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

கால்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை வேறொருவருடைய கால்கள்.

மேட்டுக்கு வந்ததும் துடியன் மாமனை எழுப்பினான்.

“காலையில ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும், மாமா. சாயங்காலமும் போகணும். நடுவுல ஏதாவது ஒரு வேலை கொடுக்கணும். முடியைத் தினமும் பிரிச்சு விடணும். சும்மா விட்டா மண்ணைத் தோண்டும்.”

“சரி, சரி. ஏரி எங்கயும் ஓடிடாது. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

துடியன் தயங்கி நின்றான். நுரை அவன் முகத்தையே பார்த்தாள்.

“நான் போயிட்டு வந்துடறேன்,” என்று அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனான். அந்த ஒரு நாள் மட்டும் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் மேட்டுப்பக்கம் இருந்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். குதிரப்பன் வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

“ஏரிநாயாம் பாரு!” என்றது ஒரு கவுதாரி.

“குதிரப்பனுக்குக் காவல் ஏரிநாய்!” என்றது ஓர் ஓணான்.

காட்டுப்பூனையும் தூரத்தில் நின்று பார்த்தது. நுரை ஒரே பாய்ச்சலில் மேட்டின் பாதி வரை துரத்தினாள். பூனை போய்விட்டது. குதிரப்பன் மனைவியைப் பார்த்தான். “பார்த்தியா?” என்று கேட்டான். கதிராயியும் அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள் நுரை.

“வாசல்ல உட்காரு.”

“உட்கார்ந்துட்டு?”

“உட்கார்ந்துட்டே இரு.”

நுரை உட்கார்ந்தாள். ஒரு நாழிகை கழித்து, “குதிரப்பன் எப்ப வருவார்?” என்று கேட்டாள்.

“நான்தான் குதிரப்பன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவள் வாலை ஆட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வால் நின்றது.

அடுத்த நாள் குதிரப்பன் ஏரிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பெருச்சாளி நடையில் ஏரி அரைப் பொழுதுத் தூரம். நுரை தனியாகவே போய் வந்தாள். போனவள் சும்மா வரவில்லை. அவளுடைய குலத்தில் யாரும் வெறும் வாயோடு வீடு திரும்பியதில்லை. முதல் நாள் ஒரு நுங்குக் கூடு. மறுநாள் ஒற்றைச் செருப்பு. மூன்றாம் நாள் சட்டியப்பர் என்ற ஆமை.

“என்னம்மா இது?” என்றார் சட்டியப்பர், மேட்டின் மேல் இறக்கிவிடப்பட்ட பிறகு.

“உங்களைக் கொண்டுவந்தேன்.”

“அது தெரியுது. எதுக்கு?”

நுரை யோசித்தாள். “மிதந்துட்டிருந்தீங்க,” என்றாள்.

“நான் ஆமைம்மா. மிதக்கத்தான் செய்வேன்.”

சட்டியப்பர் இறங்கி ஏரிக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆயிற்று. போய்ச் சேர்ந்து ஒரு முழுக்குப் போட்டார். தலையைத் தூக்கினால் நுரையின் வாய் இருந்தது. மறுபடியும் மேடு.

“ரெண்டாவது தடவை,” என்றார் கதிராயியிடம். “குறை சொல்லலை. பல்லு படாமத்தான் பிடிக்குது. ஆனா எனக்கும் ஒரு வேலை வெட்டி இருக்குல்ல?”

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் திரும்பிப் போக அவசரப்படவில்லை. மேட்டிலேயே ஒரு செடியடியில் படுத்துக்கொண்டார்.

மேட்டில் நாயுருவியும் நெருஞ்சியும் மண்டிக் கிடந்தன. நுரையின் சுருள் முடியில் அவை ஏறிக்கொண்டன. இரண்டு நாள் கதிராயி பல்லால் பிரித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு வலி கண்டது. ஐந்து குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, விரல் நீளக் குட்டிகள். அதன் பிறகு முடி பிரிக்க ஆளில்லை. முடி சடைபிடித்தது. கட்டிகட்டியாகத் தோலை இழுத்தது. நுரை படுத்தால் ஒரு பக்கம் குத்தியது. புரண்டால் மறுபக்கம் குத்தியது.

அவள் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள்.

வாசலில்தானே உட்காரச் சொல்லியிருந்தார்கள்? வாசலையே தோண்டினாள். ஒரு நாளைக்கு ஒரு சாண். வெளியே பார்த்தபடி தோண்டியதால் மண் வளையின் மேலாகத் தெறித்து, அதன் பின்பக்கம் விழுந்து குவிந்தது.

“ஏங்க,” என்றாள் கதிராயி. “வாசல் பெரிசாகுது.”

“காத்து வரும்.”

“பூனையும் வரும்.”

“பூனை வந்தாத்தான் நுரை இருக்குதே.”

“அது இங்க இல்லைங்க. உடம்புதான் இங்க இருக்கு. ஒரு தடவை ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. இல்லைன்னா துடியனையாவது வரச் சொல்லுங்க. அது அவனைத்தான் தேடுது.”

“நாளைக்குப் பார்க்கலாம்,” என்றான் குதிரப்பன்.

பாயை விரித்தது போல அவனுக்கு எப்போதும் ஒரு “நாளைக்கு” இருந்தது. அதன் மேல் புரண்டு படுத்தான்.

குட்டிகள் பிறந்த ஆறாம் நாள் நடுப்பகலில் மேற்கே மேகம் திரண்டது. ஏரிப்பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. நுரை எழுந்து நின்றாள். மூக்கை உயர்த்தினாள். அந்தக் காற்றில் என்ன இருந்ததோ, அவளுக்குத்தான் தெரியும். மேட்டை விட்டு இறங்கி ஓடினாள்.

“எங்கம்மா போறே?” என்று கேட்டார் சட்டியப்பர்.

“கொண்டுவர!”

“எதை?”

அவள் ஏற்கெனவே வரப்பைத் தாண்டிவிட்டாள்.

சிறிது நேரத்தில் காட்டுப்பூனை வந்தது. வாசலைப் பார்த்தது. முகத்தை வைத்தது. முகம் நுழைந்தது. தோளை வைத்தது. தோளும் நுழைந்தது.

“கதிராயி, பூனை!” என்று கத்திவிட்டுச் சட்டியப்பர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவரால் செய்ய முடிந்தது அதுதான். அதைச் செய்தார்.

பெருச்சாளி வளைக்கு எப்போதும் ஒரு பின்வழி உண்டு. மெல்லிய மண்ணால் மூடி வைத்திருப்பார்கள். முட்டினால் திறந்துவிடும். கதிராயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பின்வழிக்கு ஓடி முட்டினாள். திறக்கவில்லை. நுரை தோண்டிப்போட்ட மண்ணெல்லாம் அதன் மேல்தான் குவிந்திருந்தது.

குதிரப்பன் அன்றுதான் விழித்தான். உண்மையாகவே விழித்தான். நகம் பிய்யப் பிய்ய மண்ணைப் பறித்தான். முன்பக்கம் பூனை குறுகலான நடைவழியில் உடம்பை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. ஒரு வழியாகப் பின்வழியில் வெளிச்சம் தெரிந்தது.

பெருச்சாளியின் வாயில் ஒரு நேரத்தில் ஒரு குட்டிதான் அடங்கும். குதிரப்பன் ஒன்றும் கதிராயி ஒன்றுமாகக் கவ்விக்கொண்டு கள்ளிப்புதருக்கு ஓடினார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் ஒன்று, ஒன்று. கள்ளிப்புதருக்குள் நான்கு குட்டிகள் ஆயின.

ஐந்தாவது குட்டிக்காகக் கதிராயி திரும்பியபோது பூனை முன்வாசல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் வாய் மூடியிருந்தது. அவசரமில்லாமல் மேட்டிலிருந்து இறங்கிப் போயிற்று.

மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைக்குள்ளிருந்து நுரை ஓடிவந்தாள். ஏரியைக் குறுக்கே நீந்தி, தென்கரைக்குப் போய், வாய்க்காலோரத்தில் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுடைய வாயில், பல் படாமல், துடியன் தொங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கதிராயியின் முன்னால் மெதுவாக இறக்கி வைத்தாள்.

“குதிரப்பனைக் கொண்டுவந்துட்டேன்,” என்று சொல்லி வாலை ஆட்டினாள்.

கதிராயி பூனை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

மறுநாள் காலை குதிரப்பன் கலங்கலுக்குப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனான். அரைப் பொழுது நடந்தான். கோபம் அவனை நடத்திச் சென்றது. துடியனும் நுரையும் பின்னால் வந்தார்கள்.

“உங்க குட்டியை நம்பி என் குட்டியை இழந்துட்டேன்,” என்றான் பாசிக்காரியிடம்.

பாசிக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க யாரு?”

“குதிரப்பன்.”

“குதிரப்பனை எனக்குத் தெரியும். இதோ நிக்கிறாரே,” என்று துடியனைக் காட்டினாள்.

“அவன் என் மச்சினன். நான்தான் குதிரப்பன்.”

“அப்படியா? கலங்கல் வழிஞ்ச அன்னிக்கு எத்தனை கூடு கரை சேர்ந்துச்சு?”

குதிரப்பன் துடியனைத் திரும்பிப் பார்த்தான்.

“பதினொண்ணு,” என்றாள் நுரை.

“பதினொண்ணு,” என்றான் துடியன். “ஒண்ணு போயிடுச்சு.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “நான்தாம்மா பேரை மாத்திச் சொன்னேன். எனக்கும் இதுல பங்கு இருக்கு,” என்றான்.

“இருக்கு,” என்றாள் பாசிக்காரி.

அவள் சத்தம் போடவில்லை. நுரையின் பக்கத்தில் படுத்து, சடைபிடித்த முடிக்கட்டி ஒன்றைப் பல்லால் பிரிக்கத் தொடங்கினாள். நடுநடுவே பேசினாள்.

“மூணு நாள் இருக்கச் சொன்னது உங்களைச் சோதிக்கிறதுக்கு இல்லை. நீங்களே தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பிப் போறதுக்கு. பாதிப் பேர் முதல் நாள் மத்தியானமே, எங்களுக்கு இது ஆகாதும்மான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவங்களை நான் ஒரு நாளும் தப்பா நினைச்சதில்லை. நீங்களும் வந்திருந்தா மத்தியானமே போயிருப்பீங்க. போய் வேற காவல் தேடியிருப்பீங்க.”

குதிரப்பனுக்குச் செவலையின் நினைவு வந்தது. கோபம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான் கெட்ட நாயா, அம்மா?” என்று கேட்டாள் நுரை.

“இல்லை. தலையை இந்தப் பக்கம் திருப்பு,” என்றாள் பாசிக்காரி.

அன்று முழுவதும் பிரித்தும் முடியவில்லை. மீதியைத் துடியன் பிரித்தான். இரண்டு நாள் ஆயிற்று. பிறகு அவன் வாய்க்கால் கரைக்குத் திரும்பியபோது நுரை கூடவே போனாள். கொடுத்தோம், வாங்கினோம் என்று யாரும் சொல்லவில்லை.

கதிராயி மேட்டில் இருக்கவில்லை. நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு களத்துமேட்டுக்குப் போனாள். செவலை ஒரு கண்ணைத் திறந்தது.

“காவலுக்கு இருப்பியா, அண்ணே?”

“என்ன செய்யணும்?”

“படுத்திருக்கணும். பூனை வாடை பட்டா எழுந்திரிக்கணும்.”

“இப்பவும் அதைத்தானேம்மா செஞ்சுட்டிருக்கேன்,” என்றது செவலை.

அவள் களத்துமேட்டின் சரிவில் புதிய வளை தோண்டினாள். வாசலைக் குறுகலாக வைத்தாள். மூன்றாம் நாள் குதிரப்பன் வந்து சேர்ந்தான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் ஓரமாக உட்கார்ந்து பின்வழியைத் தோண்டினான். வெயில் ஏறியதும் செவலையின் பக்கத்தில் படுத்தான். இருவரும் ஒன்றாகத் தூங்கினார்கள். பூனை ஒரு தடவை வந்தது. செவலை எழுந்து நின்று ஒரே ஒரு முறை உறுமியது. பூனை போனதும் படுத்துக்கொண்டது. அதற்கு மேல் அந்த வீட்டுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

நுரை போனபின் சட்டியப்பர் மறுபடியும் ஏரிக்கு நடக்கத் தொடங்கினார். வழியில் களத்துமேட்டைக் கடந்தபோது கதிராயி குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு என்று எண்ணி முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

நாயானாலும் வேறெந்த உயிரானாலும், அதன் அழகையும் பெயரையும் பார்த்து வீட்டுக்கு அழைக்கும் முன், அதன் ஒரு நாள் நம்முடைய ஒரு நாளுக்குள் அடங்குமா என்று நாமே வாழ்ந்து பார்க்க வேண்டும். அதை நமக்காக இன்னொருவர் பார்த்துச் சொல்ல முடியாது.